உப்புப் பூத்த ரேழியை நாமே சரிசெய்வது எப்படி: வடசென்னைப் பழைய வீடுகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம், தண்டையார்பேட்டை, காசிமேடு பக்கம் தெருவை ஒட்டிய பழைய வீடு என்றால், வாசற்படி ஏறியதும் உள்ளே நீளமாக ஒரு நடை போகும். ரேழி என்பவர்களும் உண்டு. இப்போது பெரும்பாலும் பாசேஜ் என்றே சொல்கிறோம். நான்கடி அகலம், இருபதடி நீளம், ஜன்னல் கிடையாது. கரண்ட் மீட்டர் அங்கேதான். அடிபம்பு அங்கேதான். நிரப்பிய குடங்கள் வரிசையாக அங்கேதான். ராத்திரி பைக் நிற்பதும் அங்கேதான்.

எங்கள் வீட்டு ரேழியும் இப்படித்தான். அதன் இரண்டு பக்கச் சுவரிலும் கீழே நான்கடி உயரத்துக்கு வருஷா வருஷம் பெயிண்ட் பொரிந்து உதிரும். சுவரைத் தொட்டால் வெள்ளைத் தூள் கையில் ஒட்டும். பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளைகளின் சட்டை முதுகில் தினமும் அந்தத் தூள் இருக்கும். பலமுறை பெயிண்ட் அடித்தோம். ஒருமுறை பழைய பூச்சைக் கொத்திவிட்டு சிமெண்ட் பூசினோம். கடைசியில் நான்கடிக்கு டைல்ஸ் ஒட்டினோம். இரண்டு மழைக்காலம் போனதும் டைல்ஸுக்கு மேலே, ஐந்தரை அடியில், ஈரக் கோடு தெரிந்தது. ஈரம் போகவில்லை, ஏறியிருக்கிறது.

பக்கத்துத் தெருவில் வேலை பார்த்துக்கொண்டிருந்த வயதான மேஸ்திரி ஒருவர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, செவுரு வேர்க்குது. நீ அத்த மூடிக்கினே போற. மூட மூட மேலதான் ஏறும். தொறந்து வுடு." இந்த வழிகாட்டியில் நான் சொல்லப்போவது அனைத்தும் அந்தப் பேச்சிலிருந்து தொடங்கியதுதான்.

முதலில் காலண்டரைப் பாருங்கள்

நம் ஊரில் வீட்டுக்கு வெள்ளையடிப்பது போகிக்கு முன்னால். சுண்ணாம்பு அடித்த காலத்தில் அதில் தவறே இல்லை, ஏனென்றால் சுண்ணாம்பு அடித்த சுவரில் ஈரம் வெளியே வர வழி இருந்தது. இன்று அதே போகிக்கு முன்னால் எமல்ஷனும் எனாமலும் அடிக்கிறோம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையைக் குடித்துவிட்டு, சுவர் வருஷத்திலேயே அதிகமாக நனைந்திருக்கும் நேரம் அது. அந்த நேரத்தில் அதன் மேல் பிளாஸ்டிக் போர்வை போர்த்துகிறோம். மாசி, பங்குனியில் வெயில் ஏறும்போது உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வரப் பார்க்கும். வழியில்லாமல் பெயிண்டைத் தள்ளும். அதைத்தான் நாம் "பெயிண்ட் மட்டம்" என்று சொல்லி மறுவருஷம் வேறு பிராண்ட் வாங்குகிறோம்.

ஆகவே கீழ்ச்சுவர் வேலைக்கு நான் பின்பற்றிய வரிசை இது: மாசியில் கொத்துவது, பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் காயவிடுவது, ஆனியில் பூசுவது, ஆவணிக்குள் வெள்ளையடிப்பது. மொத்தம் ஏழு மாதம். ஆனால் கையில் வேலை இருந்த நாட்கள் என்று எண்ணினால் இருபதுக்குள்தான் வரும். மீதி எல்லாம் சுவரின் வேலை. பொங்கலுக்குள் முடிய வேண்டும் என்று கார்த்திகையில் தொடங்குபவர்கள் மேல்சுவருக்கும் கதவுக்கும் மட்டும் பெயிண்ட் அடியுங்கள். கீழ்ச்சுவரைத் தொடாதீர்கள்.

ஈரம் எங்கிருந்து வருகிறது

இதைக் கண்டுபிடிக்காமல் சுத்தியலை எடுக்க வேண்டாம். நம் பக்கத்து ரேழிகளில் பொதுவாக நான்கு வழியில் ஈரம் வரும். பெரும்பாலும் இரண்டு மூன்று சேர்ந்தே இருக்கும்.

முதலாவது, அஸ்திவாரத்திலிருந்து ஏறுவது. பழைய வீடுகளில் அஸ்திவாரத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஈரத்தை நிறுத்தும் தடுப்பு எதுவும் போட்டிருக்கமாட்டார்கள். செங்கலிலும் சுண்ணாம்புக் காரையிலும் இருக்கும் மெல்லிய துளைகள் வழியாக, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல மண்ணிலிருக்கும் தண்ணீர் மூன்று நான்கடி ஏறும். கடல் பக்கத்தில் இருப்பதால் அந்தத் தண்ணீர் உப்புத் தண்ணீர். சுவர் மேல்பரப்பில் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும். தங்கிய உப்பு பூச்சுக்குள்ளேயே மணிமணியாக இறுகி விரியும்போது பூச்சை உள்ளிருந்து உடைக்கிறது. பெயிண்டைப் பொரியவைப்பது ஈரம், பூச்சைப் பொடியாக்குவது உப்பு.

இரண்டாவது, தெரு. ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, பல தெருக்கள் வீட்டுத் தரையை விட உயர்ந்துவிட்டன. என் பாட்டி காலத்தில் மூன்று படி ஏறித்தான் எங்கள் வீட்டுக்குள் வரவேண்டும். இப்போது ஒரு படி இறங்கி வருகிறோம். புதைந்துபோன அந்த உயரம் முழுவதும் சுவரின் வெளிப்பக்கம் ஈர மண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மூன்றாவது, நம் புழக்கம். அடிபம்பில் சிந்துவது, குடத்திலிருந்து வழிவது, ரேழியில் பாத்திரம் கழுவுவது. தினமும் இரண்டு குடத் தண்ணீர் சிந்தினால்கூட சுவரடியில் ஈரம் நிரந்தரமாகிவிடும். நான்காவது, குழாய்க் கசிவு. சுவருக்குள் புதைத்த பழைய இரும்புக் குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கலாம்.

இவற்றைப் பிரித்தறிய எளிய வழிகள் இருக்கின்றன. ஓரடிக்கு ஓரடி கெட்டியான பிளாஸ்டிக் ஷீட்டைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். ஷீட்டின் உட்பக்கம் வேர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் வேர்த்திருந்தால் அது காற்றோட்டம் இல்லாததால் வரும் ஈரம். அடுத்து, ஈரக் கோட்டைப் பென்சிலால் குறியுங்கள். இருபதடிக்கும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் ஓடினால் அஸ்திவார ஈரம். ஒரே இடத்தில் வட்டமாகவோ மேலிருந்து கீழாகவோ இருந்தால் குழாயைச் சந்தேகப்படுங்கள். அப்படி இருந்தால் முதலில் பிளம்பரைக் கூப்பிட்டு அதை முடித்துவிட்டுத்தான் மற்றது. எங்கள் வீட்டில் அடிபம்புக்குப் பின்னால் மட்டும் கோடு ஓரடி உயர்ந்திருந்தது. பம்பின் வாஷர் தேய்ந்து சொட்டிக்கொண்டே இருந்ததுதான் காரணம்.

அளவும் சாமானும்

20 அடி நீளம், நான்கடி உயரம், இரண்டு சுவர் என்றால் 160 சதுர அடி. கதவு இடைவெளிகளைக் கழிக்க வேண்டாம், சேதாரத்துக்குச் சரியாக இருக்கும். 20 மில்லிமீட்டர் கனத்துக்குப் பூச, ஒன்றுக்கு மூன்று கலவையில், ஊறிய சுண்ணாம்பு சுமார் மூன்றரை கன அடியும் மணல் பத்தரை கன அடியும் வேண்டும். ஒரு சிமெண்ட் பை நிறைய மணல் என்பது 1.25 கன அடி. ஆக ஒன்பது பை. மணலுக்குப் பூச்சு வேலைக்கென்று விற்கும் பி-சாண்ட் கேளுங்கள். கடற்கரை மணல் ஒரு கைப்பிடிகூட வேண்டாம்.

கருவிகள்: சுத்தியல், உளி, கரணை, மட்டக்கட்டை, ரசமட்டம், கம்பி பிரஷ், இரண்டு பாண்டு, சல்லடை, நார் பிரஷ், தண்ணீர் தெளிக்க ஒரு கை ஸ்பிரேயர். கண்ணாடி, ரப்பர் கையுறை, என்-95 மாஸ்க் மூன்றும் கட்டாயம். பாரிமுனை செம்புதாஸ் தெருப் பக்கம் போனால் பெரும்பாலானவை ஒரே நடையில் கிடைத்துவிடும். சுண்ணாம்பு மட்டும் நல்ல கடை தேடி வாங்குங்கள். அதைப் பின்னால் சொல்கிறேன்.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் கிணறும் போரிங்கும் பெரும்பாலும் உப்புக் கரிக்கும். அந்தத் தண்ணீரில் கலவை குழைத்தால், வெளியே எடுக்கப் பாடுபடும் உப்பை நாமே சுவருக்குள் ஊற்றுகிறோம் என்று பொருள். வாயில் விட்டால் உப்புத் தெரியும் தண்ணீர் எதற்கும் ஆகாது. கலவைக்கும் சுவர் நனைக்கவும் மெட்ரோ தண்ணீரை மட்டும் பயன்படுத்துங்கள். முந்தைய நாளே இரண்டு டிரம் பிடித்து வைத்தால் போதும்.

கொத்துவதற்கு முன்னால்

மீட்டர், அதற்கு வரும் சர்வீஸ் ஒயர், சீல் வைத்த பகுதி ஆகியவை மின்வாரியத்துடையவை. அவற்றை நகர்த்தவோ கழற்றவோ நமக்கு உரிமை இல்லை. மீட்டர் இடம் மாற வேண்டுமானால் எழுதிக் கொடுத்து அவர்களைக் கொண்டே மாற்றுங்கள். மீட்டருக்கு அடுத்து நம் பக்கத்தில், கரண்ட் கசிந்தால் உடனே தானாக நிறுத்திவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச் இல்லையென்றால், லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை அழைத்து இப்போதே போட்டுவிடுங்கள். ஈரச் சுவர், இரும்பு அடிபம்பு, வெறுங்கால், மூன்றும் ஒரே நாலடிச் சந்தில் இருக்கிற இடம் இது. கொத்தும் நாட்களில் மெயினை அணைத்து, லைன் டெஸ்டரால் சோதித்த பிறகுதான் உளி வைக்க வேண்டும். பழைய வீடுகளில் ஒயர் எந்தப் பக்கம் போகிறது என்பது யாருக்கும் தெரியாது.

அடுத்து, பொதுச்சுவர். வடசென்னையில் ஒரு பக்கச் சுவராவது அடுத்த வீட்டோடு சேர்ந்திருக்கும். நான் போய்ச் சொன்னபோது பக்கத்து வீட்டு அக்கா, "எங்க பக்கமும் இதே உயரத்துலதான் தம்பி உதிருது, வந்து பாரு" என்று உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். ஒரே சுவரின் இரண்டு பக்கமும் திறந்தால் இரண்டு மடங்கு சீக்கிரம் காயும். முடிந்தால் சேர்ந்து செய்யுங்கள்.

பழைய பெயிண்ட் இன்னொரு அபாயம். 2017 நவம்பர் 1 முதல்தான் வீட்டுப் பெயிண்டுகளில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமலை, குறிப்பாகக் கதவு நிலையிலும் கீழ்ச்சுவர் பட்டையிலும் இருப்பதை, உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்துச் சுரண்டுங்கள். கைக்குழந்தையோ கர்ப்பிணியோ வீட்டில் இருந்தால் அந்த நாட்களில் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

பூச்சைக் கொத்துவது

ஈரக் கோட்டுக்கு மேலே ஒன்றரை அடி வரை கொத்த வேண்டும். நான்கடியில் கோடு இருந்தால் ஐந்தரை அடி. கணக்கில் நான் நான்கடி என்று போட்டதை உங்கள் கோட்டுக்கேற்ப உயர்த்திக்கொள்ளுங்கள். முதலில் அந்த உயரத்தில் சுவர் நெடுக உளியால் ஒரு நேர்கோடு வெட்டுங்கள். வெட்டாமல் கொத்தினால் மேலே நல்ல பூச்சும் பாளம் பாளமாக வந்துவிடும்.

உளியைச் சாய்வாகப் பிடித்து, சுத்தியலால் மெல்லத் தட்டிப் பூச்சை நெம்பி எடுக்க வேண்டும். டிரில் மிஷின் வாடகைக்கு எடுக்காதீர்கள். சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டிய பழைய செங்கல், அந்த அதிர்வில் உள்ளே ஆடிவிடும். சிமெண்ட் பூச்சு இருக்கும் இடத்தில் அது செங்கல் தோலையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும். அங்கே பொறுமையாக ஓரத்திலிருந்து உள்ளே போங்கள். செங்கலுக்கு நடுவிலிருக்கும் காரை பொடிந்திருந்தால் அரை இஞ்சிலிருந்து ஒரு இஞ்ச் வரை சுரண்டி எடுங்கள். செங்கலே கையில் மாவாக உதிர்ந்தாலோ, கொத்தும்போது சுவரில் விரிசல் ஓடினாலோ, நிறுத்திவிட்டு அனுபவமுள்ள மேஸ்திரியையோ பொறியாளரையோ கூப்பிடுங்கள். அது நம் கைவேலை எல்லைக்கு வெளியே.

உங்கள் ரேழிக்கு மேலே மரக்கட்டைகள் மீது செங்கலைக் குத்துக்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் டெரஸ் இருந்தால், கட்டைகளின் நுனி சுவருக்குள் போகும் இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். கரையான் மண்ணோ, ஈரக் கறையோ, குத்தினால் ஸ்குரூடிரைவர் உள்ளே இறங்குவதோ தெரிந்தால் சுவர் வேலையைத் தள்ளிவைத்து முதலில் அதைக் கவனியுங்கள்.

160 சதுர அடிக்கு வரும் ரப்பீஸ், அதாவது கொத்திய பூச்சுக் கழிவு, ஏறக்குறைய அரை டன். பையைப் பாதி மட்டும் நிரப்பினால்தான் தூக்க முடியும். அதைத் தெருமுனையிலோ பக்கிங்காம் கால்வாய் ஓரத்திலோ கொட்டாதீர்கள். மழைநீர் வடிகாலில் அது போய் அடைத்தால் டிசம்பரில் தண்ணீர் நம் வாசலுக்குத்தான் திரும்பி வரும். மாநகராட்சியின் 1913 எண்ணில் கேட்டு, கட்டடக் கழிவு எங்கே கொடுக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு அனுப்புங்கள். இந்தப் பூச்சில் உப்பு ஊறியிருக்கிறது. தரை நிரவவோ வேறு வேலைக்கோ வீட்டிலேயே திருப்பிப் பயன்படுத்தவும் கூடாது.

காயவிடுவது

இதைத்தான் எல்லோரும் தவிர்க்கிறார்கள். காயவிட்ட அந்த மூன்று மாதம்தான் எங்கள் சுவரைக் காப்பாற்றியது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கொத்திய சுவரைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, விழும் தூளைத் தரையில் விரித்த செய்தித்தாளில் பிடித்து வெளியே எறியுங்கள். ஒரு வாரத்தில் செங்கல் மேல் வெள்ளையாகப் பூக்கும். மறுபடி தேய்த்து எடுங்கள். எங்கள் சுவரில் முதல் மாதம் வாரத்துக்கு இரண்டு முறை எடுத்தேன், மூன்றாம் மாதம் பதினைந்து நாளுக்கு ஒருமுறையே போதுமாக இருந்தது. பூப்பது குறைந்துகொண்டே வருவதுதான் அடையாளம்.

உப்பு மிக அதிகமாக இருக்கும் இடத்தில் ஒரு பற்று போடலாம். பழைய செய்தித்தாளைக் கிழித்து மெட்ரோ தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கி, அரை இஞ்ச் கனத்தில் செங்கல் மேல் அப்புங்கள். காயும்போது அது சுவரிலிருந்து ஈரத்தையும் உப்பையும் தன் பக்கம் இழுக்கும். நன்றாகக் காய்ந்து தானாக விட்டதும் உரித்து எறிந்துவிடுங்கள். இரண்டு மூன்று தடவை போட வேண்டிவரும்.

இந்த மாதங்களில் வாசல் கதவும் பின்கதவும் பகலில் திறந்திருக்க வேண்டும். மதியத்துக்கு மேல் வரும் கடல் காற்று ரேழிக்குள் நேராகப் பாயும் வீடுகளுக்கு இது பெரிய வரம். கதவைத் திறந்துவைக்க முடியாதவர்கள் கதவுக்கு மேலே அடைத்து வைத்திருக்கும் வெண்டிலேட்டரைத் திறங்கள். பெரும்பாலான பழைய வீடுகளில் கொசுவுக்குப் பயந்து அட்டை வைத்து ஆணி அடித்திருப்பார்கள். அட்டையை எடுத்துவிட்டு வலை அடித்தால் கொசுவும் வராது, காற்றும் போகும். ஒன்பது இஞ்ச் சுவர் உள்வரை முழுதாகக் காய மூன்று மாதம் போதாது, உண்மைதான். ஆனால் சுண்ணாம்புப் பூச்சு போடப்போவதால் மீதி ஈரம் பூச்சு வழியாகவே போய்க்கொண்டிருக்கும்.

சுண்ணாம்புப் பூச்சு

ஏன் சிமெண்ட் வேண்டாம்? சிமெண்ட் பூச்சு செங்கலை விடக் கெட்டி, துளையும் குறைவு. ஈரம் அந்த வழியாக வெளியேற முடியாமல் இன்னும் உயரே ஏறி, பூச்சு முடியும் இடத்தில் வெளியே வரும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை விட்டுவிடும். உப்பு சேர்ந்தால் செங்கலுக்குப் பதில் தான் உதிரும். பத்துப் பதினைந்து வருஷத்துக்கு ஒருமுறை அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். சுவர் பிழைத்துவிடும். ஒருகாலத்தில் கிளிஞ்சல் சுண்ணாம்பில் கண்ணாடிபோலப் பூசிய மெட்ராஸ் சுவர்கள் பேர்பெற்றவை. நமக்கு அவ்வளவு வழவழப்பு தேவையில்லை, வேலை செய்யும் முறை மட்டும் தெரிந்தால் போதும்.

சுட்ட சுண்ணாம்புக் கல்லை வாங்கி வீட்டில் நீற்ற முயலாதீர்கள். தண்ணீர் பட்டதும் கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வை போகும். நீற்றிய சுண்ணாம்பாகவே கேட்டு வாங்குங்கள். அதைச் சல்லடையில் சலித்து, பிளாஸ்டிக் டிரம்மில் போட்டு, மேலே இரண்டு இஞ்ச் தண்ணீர் நிற்கும்படி வைத்து, குறைந்தது இரண்டு வாரம் ஊறவிட வேண்டும். நான் சித்திரையிலேயே ஊறவைத்தேன். ஊற ஊற வெண்ணெய் மாதிரி வரும். மூடி வைத்து, குழந்தைகள் கைக்கெட்டாத இடத்தில் வையுங்கள்.

கலவைக்கு ஒரு பங்கு ஊறிய சுண்ணாம்பு, இரண்டு பங்கு மணல், ஒரு பங்கு சுர்க்கி. நன்றாகச் சுட்ட செங்கலை இடித்துச் சலித்த தூள்தான் சுர்க்கி. அது சேர்ந்தால்தான் ஈரச் சுவரிலும் சுண்ணாம்பு ஒழுங்காக இறுகும். (சுர்க்கி சேர்ப்பதால் மேலே சொன்ன ஒன்பது பை மணல் ஆறாகக் குறையும்.) கூடுதலாகத் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஊறிய சுண்ணாம்பிலேயே போதுமான தண்ணீர் இருக்கும். மண்வெட்டியால் புரட்டிப் புரட்டிக் கால்மணி நேரம் மிதித்துக் குழைக்க வேண்டும். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு மிதியுங்கள், வெறுங்காலில் வெந்துவிடும். கடுக்காயை உடைத்து வெல்லத்தோடு ஊறவைத்த தண்ணீரைத் தெளித்துக் குழைப்பது பழைய முறை. கடைசிப் பூச்சுக்கு நான் அப்படிச் செய்தேன். கலவை கரணையில் இழுபட்டு வந்தது, உடனே இறுகவும் இல்லை. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று ஒரு சட்டி சிமெண்ட் போடச் சொல்வார்கள். போடாதீர்கள்.

முந்தைய நாள் மாலையும், பூசுவதற்கு அரைமணி முன்பும் சுவருக்கு மெட்ரோ தண்ணீர் தெளியுங்கள். ஈரமாக இருக்க வேண்டும், வழியக் கூடாது. சுரண்டிய இடுக்குகளை முதலில் கலவையால் அழுத்தி நிரப்பி இரண்டு நாள் விடுங்கள். அப்புறம் முதல் பூச்சு, 10 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். கரணையால் கீழிருந்து மேலாக அழுத்தி எறிந்து, மட்டக்கட்டையால் இழுங்கள். சற்று இறுகியதும் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல் போடுங்கள், அடுத்த பூச்சு பிடிக்க அது வேண்டும். நகத்தால் அழுத்தினால் பதியாத நிலைக்கு வர எங்களுக்கு ஒரு வாரம் ஆனது. பிறகு இரண்டாம் பூச்சு அதே கனத்தில். அதற்கு மேல், நைஸ் மணலில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கடைசிப் பூச்சு.

முதல் இரண்டு நாளில் மெல்லிய விரிசல் வந்தால் பயப்பட வேண்டாம். தண்ணீர் தெளித்து மட்டக்கட்டையால் வட்டமாகத் தேய்த்தால் மூடிக்கொள்ளும். ஒரு வாரம் காலை மாலை ஸ்பிரேயரால் பனிபோல நீர் தெளியுங்கள். ஃபேன் வைத்துக் காயவைக்காதீர்கள். சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை எடுத்துக்கொண்டுதான் மெதுவாகக் கல்லாகிறது. வெறுமனே காய்ந்தால் மாவாகிவிடும். பூச்சின் அடிவிளிம்பு தரையைத் தொடாமல் அரை இஞ்ச் இடைவெளி விடுங்கள். தரையில் சிந்தும் தண்ணீர் ஏறாமல் இருக்க அதுதான் காவல்.

நான்கு வாரம் கழித்து வெள்ளையடிப்பு. ஊறிய சுண்ணாம்பைப் பால்போலக் கரைத்து, துணியில் வடிகட்டி, துளி நீலம் சேர்த்து, சுவரை நனைத்துவிட்டு மெல்லியதாக மூன்று நான்கு கை அடிக்க வேண்டும். ஒவ்வொரு கைக்கும் ஒரு நாள் இடைவெளி. நாலடி ரேழியில் தோள் உரசாமல் நடக்க முடியாது என்பதால், வடிகட்டிய அரிசிக் கஞ்சி கொஞ்சம் சேர்த்தால் சட்டையில் ஒட்டாது. காவி நிறம் வேண்டுமென்றால் சுண்ணாம்பில் கலக்கும் கலர் பொடி கிடைக்கிறது.

மேல்சுவரில் ஈரம் இல்லாததால் அங்கே சாதாரண முறையே போதும்: உப்புத்தாள், பிரைமர், தேவையான இடத்தில் பட்டி, இரண்டு கை எமல்ஷன். பழைய எமல்ஷன் மேல் சுண்ணாம்பு பிடிக்காது. அதனால் இரண்டும் சேரும் இடத்தில் ஒரு மெல்லிய காடி விட்டுவிட்டால் பார்க்கவும் அழகாக இருக்கும்.

தரை

சிவப்பு சிமெண்ட் தரை இருந்தால் தயவுசெய்து பெயர்க்காதீர்கள். அதன் மேல் பளபளக்கும் டைல்ஸ் ஒட்டினால் தரை வழியாகப் போய்க்கொண்டிருந்த ஈரமும் சுவர்ப் பக்கம் திரும்பும். மழை நாளில் ஈரக்காலோடு வரும் பெரியவர்கள் வழுக்கி விழுவதும் இந்த ரேழியில்தான். விரிசலை மட்டும் உளியால் V வடிவத்தில் விரித்து, தூசி தட்டி, நனைத்து, சிமெண்டோடு பத்தில் ஒரு பங்கு ரெட் ஆக்சைடு கலந்து (ஒரு மூட்டை சிமெண்டுக்கு 5 கிலோ கணக்கு) அழுத்தி நிரப்பி, இரும்புக் கரணையால் வழவழப்பாகத் தேய்த்துவிடுங்கள். ஒரு வாரம் தண்ணீர் கட்டி வைக்க வேண்டும். நன்றாக உலர்ந்ததும் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் தினமும் துடைத்தால் ஒரு மாதத்தில் பழைய நிறத்தோடு சேர்ந்துவிடும்.

அடிபம்பைச் சுற்றி மட்டும் நான் புதிதாக ஒன்று செய்தேன். மூன்றடிக்கு இரண்டடி கடப்பா கல்லைச் சுவரிலிருந்து இரண்டு இஞ்ச் தள்ளி, சற்றே சாய்வாகப் பதித்து, சிந்தும் தண்ணீர் ஒரு சின்னக் காடி வழியாகச் சாக்கடைக்குப் போகும்படி விட்டேன். பத்தடிக்கு ஒன்றேகால் இஞ்ச் இறக்கம் போதும். குடங்கள் எல்லாம் இப்போது அந்தக் கல் மேல்தான்.

வெளிச்சமும் பொருட்களும்

வாசலில் ஒன்று, உள்கதவருகே ஒன்று என்று இரண்டு பக்கமும் அணைக்கக்கூடிய டூவே சுவிட்ச் போடச் சொல்லுங்கள். சுவரில் காடி வெட்டும் வேலையை நாம் செய்து கொடுக்கலாம், ஒயர் இணைப்பது எலக்ட்ரீஷியன் வேலை. சுவிட்ச் போர்டு எல்லாம் நாலரை அடிக்கு மேலேயே இருக்கட்டும். இருபதடிக்கு 9 வாட் எல்இடி இரண்டு தாராளம்.

செருப்பு ஸ்டாண்டு, அலமாரி எதையும் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள், ஒரு இஞ்ச் காற்றிடைவெளி வேண்டும். கீழே கால் இல்லாத பிளைவுட் பெட்டி ஒரே மழையில் ஊதிவிடும். எதைப் போட்டாலும் மூன்றடி வழி திறந்திருக்க வேண்டும். கேஸ் சிலிண்டர் வரும், பைக் வரும், நாளை ஸ்ட்ரெச்சரும் வரலாம். எங்கள் தாத்தாவை வெளியே கொண்டுபோன அன்று, வழியில் நின்ற மர பீரோவை நான்கு பேர் சேர்ந்து தூக்கி அப்புறப்படுத்த வேண்டியிருந்தது. அந்த பீரோவை மறுபடி நாங்கள் அங்கே வைக்கவில்லை.

மழைப் பலகை

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் எங்கள் தெருத் தண்ணீர் ரேழிக்குள் வந்தது. இவ்வளவு வேலை செய்துவிட்டு அதற்குத் தடுப்பு போடாமல் விட மனம் வரவில்லை. வாசல் நிலையின் இரண்டு பக்கமும் ஒன்றரை அடி உயரத்துக்கு அலுமினிய யூ சேனலை ஸ்குரூ போட்டு இறுக்கி, சேனலுக்கும் சுவருக்கும் நடுவே சிலிகான் பூசுங்கள். 18 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட் பலகையை அளவாக வெட்டி, நான்கு விளிம்பிலும் எபாக்சி பெயிண்ட் அடித்து, பக்கவாட்டிலும் அடியிலும் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். மழை எச்சரிக்கை வந்ததும் மேலிருந்து சேனலுக்குள் இறக்கினால் போதும். கொஞ்சம் கசியும், துடைத்துக்கொள்ளலாம். ஒன்றரை அடிக்கு மேல் உயர்த்த வேண்டாம், வெளித்தண்ணீரின் அழுத்தத்தைப் பழைய சுவர் தாங்காது. பாத்ரூம் சாக்கடை வழியாகத் தண்ணீர் திரும்பி வராமல் இருக்க அந்தக் குழாயில் ஒரு நான்ரிட்டர்ன் வால்வும் போட்டுவிடுங்கள்.

பலகையைப் பரணில் ஏற்றிவிடாதீர்கள். நடுராத்திரி, கரண்ட் இல்லாதபோதுதான் அதைத் தேடுவோம். எங்கள் வீட்டில் வாசற்கதவுக்குப் பின்னால் இரண்டு கொக்கியில் மாட்டி வைத்திருக்கிறேன். எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று சிவப்பு பெயிண்டில் அம்புக்குறி போட்டிருக்கிறது. ஐப்பசி முதல் வாரத்தில் ஒருமுறை சேனலுக்குள் இறக்கிப் பார்த்து, ரப்பர் காய்ந்திருந்தால் மாற்றிவிடுகிறேன்.